பாம்புகளோடு நான்கு வருடங்கள்

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்று சின்ன வயதில் நாம் எல்லோரும் கொப்பியில் எழுதிப் பழகியிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் அதை எழுதிப் பழக வேண்டிய தேவை இருக்கவில்லை. எனது மூத்தப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சம்மாந்துறையில் வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு மாலை, உப்பட்டியைத் தூக்கும்போது முத்திரைப் புடையன் அவரது காலில் கடித்தது. கண்ணாடி விரியன் என்று புத்தகங்களில் வருவதும் அந்தப் பாம்புதான். வயலில் நின்றவர்கள் அன்பினால், அவசரத்தினால், காலில் மூன்று இடங்களில் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். முதலில் விஷக்கடிப் பரிசாரியிடமும், மறுநாள் பகல் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். அதுவரை அந்தக் கட்டு அவிழ்க்கப்படவில்லை. "பாதிக் கால் பாம்பால் போனது, பாதிக் கால் கயிற்றால் போனது" என்று வைத்தியர் சொன்னதாக மூத்தப்பாவே எங்களுக்குச் சொல்லுவார்.

அதன்பிறகு எங்கள் வளவில் தலைகாட்டிய எந்தப் பாம்பும் உயிரோடு போனதில்லை. எலி பிடிக்க வரும் சாரைப் பாம்பைக்கூட மாமாமார் மண்வெட்டியோடு துரத்துவார்கள். எது விஷமுள்ளது, எது விஷமில்லாதது என்று யாரும் கேட்டதில்லை. பாம்பு என்றால் பாம்புதான்.

இந்தப் பயத்தையும் பயணப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் 2015ஆம் ஆண்டு நான் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்குப் போனேன். என் கணவருக்குக் கலாநிதிப் பட்டப்படிப்புக்கு பிரிஸ்பேன் நகரில் இடம் கிடைத்திருந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது. வாடகை குறைவாக இருந்ததால், நகரின் மேற்குப் பக்கம் டி'அகுய்லார் மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு பழைய பலகை வீட்டை எடுத்தோம். மரக் கால்களின் மேல் உயர்த்திக் கட்டிய, தகரக் கூரை போட்ட வீடு. அந்த மாநிலத்துக்கே உரிய கட்டட முறை அது. கீழே காற்றோடும், மேலே மழைச் சத்தம் கேட்கும். ஊர் வீட்டு ஞாபகம் வந்து எனக்கு உடனே பிடித்துப் போனது.

இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு முதியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கூரையில் இருக்கிறவரைச் சந்தித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். யாரோ வாடகைக்காரரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது ஒரு மலைப்பாம்பை. எங்கள் பக்கத்தில் வெங்கணாந்தி என்போமே, அதன் இனத்தைச் சேர்ந்தது. உடம்பில் கம்பளம் விரித்தது போன்ற கோலங்கள் இருப்பதால் அங்கே அதற்குக் கம்பள மலைப்பாம்பு என்று பெயர். இரண்டு முதல் மூன்று மீற்றர் நீளத்துக்கு வளரும். விஷம் கிடையாது. பிரிஸ்பேனில் கூரைக்குள் அது குடியிருப்பது பெரிய செய்தியே இல்லை. "அது இருக்கும்வரை உங்கள் வீட்டில் எலி இருக்காது" என்று அவர் வாழ்த்துவதைப்போலச் சொன்னார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. தகரத்தின் கீழே ஏதோ மெல்ல உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. தொலைபேசியில் உம்மாவிடம் சொன்னபோது, "மகள், அந்த வீட்ட உட்டுட்டு வேற வீடு பாருங்க. எங்கட வாப்பாட கால் போனது காணாதா?" என்று அழுதா. பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வீட்டுக்குள்ள கண்ட பாம்ப உடன அடிக்கப்படாது, மூணு நாள் சொல்லிப் பாக்கணும் எண்டு மூத்தம்மா சொல்லுவா. அதையாவது செய்ங்க" என்றா. மதீனாவின் வீடுகளில் காணப்படும் பாம்புகளுக்கு மூன்று நாள் எச்சரிக்கை கொடுக்கும்படி கூறும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மூத்தம்மா அதை எங்கோ பயானில் கேட்டு மனதில் வைத்திருந்திருக்கிறா.

குயின்ஸ்லாந்தில் வேறொரு காரணத்துக்காகவும் அடிக்க முடியாது. 1992ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி அங்குள்ள சுதேசப் பாம்புகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வதும், அனுமதிப் பத்திரம் இல்லாமல் பிடிப்பதும் குற்றம். பாம்பை அகற்ற வேண்டுமென்றால் அனுமதி பெற்ற பாம்பு பிடிப்பவரை அழைக்க வேண்டும். குழாய் திருத்துபவர், மின் இணைப்பாளர் போல அதுவும் அங்கே ஒரு தொழில்.

நான்காம் நாள் நானும் அழைத்தேன். வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தடித்த சப்பாத்து, நீளக் காற்சட்டை, கையில் ஒரு கொக்கிக் கம்பு, தோளில் துணிப்பை. இந்த வேலைக்கு ஒரு பெண் வருவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவர் ஏணி வைத்து ஏறி, கூரைப் பலகை ஒன்றை விலக்கிப் பார்த்து, "அழகான பெண். இவளை அனுப்பத்தான் வேண்டுமா?" என்று என்னிடமே கேட்டார். நான் மகளைக் காட்டினேன். அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. பதினைந்து நிமிடத்தில் பாம்பைக் கீழே கொண்டு வந்துவிட்டார். கழுத்தை நெரிக்கவில்லை, மிதிக்கவில்லை, அடிக்கவில்லை. ஒரு கையால் நடு உடம்பைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையில் அது தானாகவே ஏற விட்டார்.

"தொட்டுப் பார்க்கிறீர்களா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பின்னால் நின்ற மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இப்போது என்ன செய்கிறேனோ, அதைத்தான் அவள் வாழ்நாள் முழுவதும் செய்யப்போகிறாள் என்று தோன்றியது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் பாம்பின் பின்பாதியை என் முன்னங்கைகளில் கிடத்தினார். தலை அவர் பக்கமே இருந்தது.

பாம்பு வழவழப்பாக, ஈரமாக இருக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அது உலர்ந்திருந்தது. நிழலில் கிடந்த புதுத் தோற்பையைத் தொடுவது போன்ற குளிர்ச்சி. ஆனால் அந்தத் தோலுக்குள்ளே முழுக்க முழுக்கத் தசை. விலா எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக என் கையின்மேல் நகர்வதை உணர முடிந்தது. "இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிடித்தால் தன்னை ஏதோ தின்னப் போகிறது என்று நினைக்கும். நீங்கள் ஒரு மரக்கிளை, அவ்வளவுதான்" என்றார் அவர். ஒரு நிமிடம் நான் மரக்கிளையாக நின்றேன். எனது கை நடுங்கியதை அவரும் கண்டார், பாம்பும் அறிந்திருக்கும். இருவருமே ஒன்றும் செய்யவில்லை.

விஷமில்லை என்பதால் அதன் வாய்க்குள் ஒன்றுமில்லை என்று நினைக்கக்கூடாது. பின்னோக்கி வளைந்த கூரிய பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். கடித்தால் இரத்தம் வரும். ஆனால் அது மனிதரைத் தேடி வருவதில்லை. எலிகளும், கூரையில் ஓடும் பொசம் என்ற பிராணியும், சில வேளை வீட்டுக் கோழியும்தான் அதன் இரை. பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்து, தன் உடம்பை நடுக்கி உஷ்ணம் உண்டாக்கி அடைகாக்கும் என்று அவர் சொன்னபோது, எனக்கு அந்தப் பிராணியின்மேல் முதன்முறையாக ஒரு மரியாதை வந்தது. அதை அவர் தூர தேசத்துக்குக் கொண்டுபோகவில்லை. பாம்புக்குத் தெரிந்த பிரதேசத்திலேயே விட வேண்டும் என்பதால், வீட்டுக்குச் சமீபமான காட்டு ஓடைக் கரையில் விட்டார். அடுத்த வருடம் அதுவோ அதன் உறவோ மீண்டும் கூரைக்கு வந்தபோது நாங்கள் யாரையும் அழைக்கவில்லை.

இதுவரை சொன்னது விஷமில்லாத பாம்பின் கதை. மற்றக் கதை 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நடந்தது. அங்கே அது வசந்த காலம். குளிர் விட்டு வெயில் ஏறும்போது பாம்புகள் வெளியே வரும். நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வயதான மகள் நாலைந்து பாகம் தள்ளி மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள், "உம்மா, அசையாதீங்க. பாம்பு" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். மணலுக்கும் வேலிக்கும் நடுவே மெலிந்த, மண்ணிறப் பாம்பொன்று தலையைத் தரையிலிருந்து சற்று உயர்த்தியபடி நின்றது.

அது கிழக்கத்திய பழுப்புப் பாம்பு. உலகத்தில் நிலத்தில் வாழும் பாம்புகளில் விஷத்தின் கடுமையில் இரண்டாவதாகக் கணிக்கப்படுவது. அவுஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் இறப்பவர்களில் அதிகமானோர் இதன் கடியால்தான் இறக்கிறார்கள். இரத்தம் உறையும் தன்மையை இதன் விஷம் கெடுத்துவிடும். கடித்த இடத்தில் பெரிதாக வலிகூட இராது என்பதுதான் இதில் பயங்கரம்.

எனது இரத்தத்தில் ஊறியிருந்தது மண்வெட்டி. அந்த நேரம் என் கைக்கு எட்டும் தூரத்திலேயே புல் வாரும் கம்பு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால், எனக்கும் மகளுக்கும் நடுவே கோபமடைந்த ஒரு பாம்பு இருந்திருக்கும். அங்கே பாம்புக்கடி வாங்குபவர்களில் பலர் அதைக் கொல்லவோ பிடிக்கவோ போனவர்கள் என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மகளும் நின்றாள். பாலர் வகுப்பில் அவளுக்குக் கற்பித்திருந்தார்கள்: பாம்பைக் கண்டால் நில், பார், மெதுவாகப் பின்னால் போ, பெரியவரிடம் சொல். ஸூறத்துல் இஃக்லாஸை மனதுக்குள் எத்தனை தடவை ஓதினேன் என்று எனக்குத் தெரியாது. பாம்பு தலையைத் தாழ்த்தி, வேலியோரமாக விறகுக் குவியலுக்குள் போய் மறைந்தது. முழுவதும் ஒரு நிமிடம்கூட இருக்காது.

மகள் மெதுவாகப் பின்னால் நடந்து என்னிடம் வந்தாள். அதன்பிறகுதான் எனக்குக் கால்கள் தளர்ந்தன. விறகுக் குவியலைத் தூரத்திலிருந்து கண்ணால் காவல் காத்தபடி அதே பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வந்து விறகை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கொக்கியால் பாம்பைத் தூக்கிப் பைக்குள் இறக்கி முடிச்சுப் போட்டார். முன்பு கூரையில் சிரித்துப் பேசியவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பை கட்டி முடிந்த பிறகுதான் மூச்சு விட்டார். "இவர்களுக்கு நான் இன்னும் பயம்தான். பயம் போய்விட்டால் இந்த வேலையை விட்டுவிடுவேன்" என்றார்.

அவரது சொற்படியே அடுத்த மாதம் ஒரு நாள் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்தேன். பாம்புள்ள இடங்களில் வேலை செய்யும் விவசாயிகள், மின்சாரத் தொழிலாளர்கள், பாடசாலை ஊழியர்கள் எனப் பதினைந்து பேர். முந்தானை போட்ட ஒரே ஆள் நான். காலையில் மலைப்பாம்பு, பகலுக்குப் பிறகு சிவப்பு வயிற்றுக் கறுப்புப் பாம்பு. இது விஷமுள்ளது, ஆனால் கூச்ச சுபாவம் உடையது. கொக்கியை அதன் உடம்பின் முதல் மூன்றில் ஒரு பங்கில் கொடுத்து, தலையை நம்மிடமிருந்து தள்ளி வைத்து, வாளிக்குள் இறக்க வேண்டும். கை பாம்புக்குக் கிட்டப் போகவே கூடாது. பயிற்றுநர் பக்கத்திலேயே நிற்க, நான் இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவையும் வேகமாகச் செய்ய வேண்டும் என்றுதான் மனம் சொன்னது. மெதுவாகச் செய்ய வேண்டும் என்பதுதான் பாடம்.

அன்று கேட்ட ஒரு வரலாற்றை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. 1950ஆம் ஆண்டில் தைப்பான் என்ற பாம்பின் கடிக்கு மருந்தே இருக்கவில்லை. மருந்து செய்ய உயிருள்ள பாம்பு தேவைப்பட்டது. கெவின் படன் என்ற 20 வயது இளைஞர் அதற்காக குயின்ஸ்லாந்தின் வடக்கே கேன்ஸ் நகருக்குப் போய் ஒரு தைப்பானைப் பிடித்தார். பையில் போடும்போது அது அவரது கையைக் கடித்துவிட்டது. பாம்பைக் கொல்லாமல் ஆராய்ச்சிக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்ட அவர் மறுநாள் இறந்தார். அந்தப் பாம்பு மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தது. 1955இல் மருந்து தயாரானது. அதே வருடம் அதே கேன்ஸ் நகரில் தைப்பான் கடித்த 10 வயதுப் பாடசாலைச் சிறுவன் அந்த மருந்தினால் பிழைத்தான். நாம் ஆஸ்பத்திரியில் சாதாரணமாகக் காணும் ஒரு சிறு மருந்துப் போத்தலுக்குப் பின்னால் எத்தனை பேருடைய வாழ்க்கை இருக்கிறது!

வகுப்பின் கடைசிப் பகுதி முதலுதவி. கடித்த உறுப்பு முழுவதையும் இழுபடும் பந்தனத் துணியால் சுற்றி, கம்பு வைத்து அசையாமல் கட்டும் முறையைக் கற்றுத் தந்தார்கள். ஸ்ட்ரூவன் சதர்லண்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய முறை அது. நான் அதை நன்றாகப் பழகி, ஊருக்குப் போனதும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று உற்சாகத்தோடு பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் என்னை நிறுத்தி, "உங்கள் நாட்டில் விரியன்கள் இருக்கின்றன அல்லவா? அப்படியானால் இதை அங்கே கொண்டு போகாதீர்கள்" என்றார்.

அவுஸ்திரேலியாவில் விரியன் இனப் பாம்புகளே இல்லை. அங்குள்ள ஆபத்தான பாம்புகளின் விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாக உடம்பில் பரவுகிறது. அதனைத் தாமதப்படுத்த அந்தக் கட்டு உதவுகிறது. ஆனால் விரியன் விஷம் கடித்த இடத்துத் தசையையே அழிப்பது. அதனை ஒரே இடத்தில் இறுக்கி வைத்தால் அழிவு கூடும். எனது மூத்தப்பாவின் கால் கண்முன்னே வந்தது. அந்தக் கயிற்றைக் கட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். தெரிந்ததைச் செய்தார்கள். தெரிந்தது தவறாக இருந்தது.

2019இல் நாடு திரும்பிய பிறகு, நம் நாட்டு நிலைமையைத் தேடிப் படித்தேன். 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி இலங்கையில் வருடத்துக்குச் சுமார் 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகிறார்கள், 400க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். நம்மைவிடப் பல மடங்கு பெரிய அவுஸ்திரேலியாவில் இறப்பவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர்தான். அங்கே பாம்புகளின் விஷம் குறைவு என்பதல்ல காரணம். அங்கே வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள் குறைவு, தரையில் தூங்குபவர்கள் குறைவு, ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிப்பவர்கள் குறைவு. உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வயலில் நிற்கும் ஏழையைக் கடிப்பதால்தான் அது புறக்கணிக்கப்பட்டது என்பது என் எண்ணம்.

அன்புத் தங்கைகளே, இதை வாசிக்கும் வாப்பாமாரே, உம்மாமாரே, நான் கற்றதில் நமக்குப் பொருந்துவதை மட்டும் இங்கே தருகிறேன்.

பாம்பு கடித்தால் கயிறு கட்ட வேண்டாம், வெட்ட வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். கையில் கடித்திருந்தால் மோதிரத்தையும் காப்பையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக நேரம் செலவிட வேண்டாம். இரண்டாவது ஆளும் கடிபடுவது அப்படித்தான். தூரத்தில் நின்று கைபேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

எண்ணெய் விரியன், கட்டு விரியன் என்று சொல்லப்படும் பாம்பு இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் இராது, அடையாளமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சோர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் என்று ஒருவர் எழும்பினால், வாய்வு என்று கசாயம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டிலில் படுப்பதும், முடியாவிட்டால் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிக்கொண்டு படுப்பதும் உயிர் காக்கும். சுபஹுக்கு எழும்பி இருட்டில் கிணற்றடிக்குப் போகும்போது டோர்ச் கொண்டு போங்கள். உலர்ந்த இலையும் தேங்காய் மட்டையும் கிடக்கும் இடத்தில் வெறுங்கையை விடாதீர்கள். சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் சிறிய கூன்மூக்கு விரியன் அங்கேதான் கிடக்கும். நம் நாட்டில் நீண்ட காலமாகப் பாவிக்கப்படும் இந்திய விஷமுறிவு மருந்து அதன் கடிக்கு வேலை செய்வதில்லை.

அங்கே பாம்பைத் தூக்கியவள் என்பதற்காக இங்கே நான் எந்தப் பாம்பையும் தொடுவதில்லை. ஒரு நாள் பயிற்சி என்னைப் பாம்பு பிடிப்பவளாக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களும் துணிச்சல் காட்டப் புறப்பட வேண்டாம். என் மகளுக்குப் பாலர் வகுப்பில் கிடைத்த நான்கு சொற்கள் நம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை: நில், பார், பின்னால் போ, சொல். அதைக் கற்றுக் கொடுக்க ஒரு சதமும் செலவில்லை. இந்தக் கல்லூரியிலிருந்து வைத்தியர்களும் தாதியரும் ஆசிரியைகளும் வருடா வருடம் வெளியே போகிறார்கள். உங்களில் ஒருத்தி நம் நாட்டுப் பாம்புகளின் விஷத்திலிருந்தே நம் நாட்டுக்கான மருந்தைச் செய்யும் கூடத்தில் வேலை செய்தால், அந்தச் செய்தியை இந்தச் சஞ்சிகையிலேயே வாசிக்கக் காத்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.